பூசணிக்காய் மேடு

என் வீட்டுக்காரர் அருள்முருகன் சாப்பிட உட்கார்ந்தாலும் இடது காலைச் சும்மா வைக்க மாட்டார். ரசம் ஊற்றும்போது கால் ஒரு தடவை கீழே அமுங்கும். மோர் ஊற்றும்போது இன்னொரு தடவை அமுங்கும். கல்யாணமான புதிதில் ஏதோ நரம்புக் கோளாறு என்று பயந்துபோய் மாரியம்மனுக்கு வேண்டிக்கூடக் கொண்டேன். அம்மன் அதைக் குணமாக்கவில்லை. அது நோயாக இருந்தால் அல்லவா குணமாக்குவாள். மனுஷன் கிளட்ச் மிதிக்கிறார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அப்போது அவர் கடலூர் சிதம்பரம் தடத்தில் தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். வேகம் காட்டுகிற முள் வேலை செய்யாத பஸ். காதை வைத்துத்தான் ஓட்டுவார். எஞ்சின் முனகினால் கியரை இறக்குவார், கத்தினால் ஏற்றுவார். அந்த பஸ்ஸில் தினமும் சிதம்பரத்துக்குக் காலேஜ் படிக்கப் போன பிள்ளைகளில் ஒருவர்தான் எழிலன் தம்பி. உட்கார இடம் கிடந்தாலும் உட்கார மாட்டாராம். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இவர் கியர் போடுகிற கையையே பார்த்துக்கொண்டு நிற்பாராம்.

எழிலனுடைய அப்பா ஆலப்பாக்கம் தாண்டி பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். தலையெடுத்த மகன் அந்தப் பட்டறையை ரேஸ் கார் செய்கிற இடமாக மாற்றிவிட்டார். ரெண்டு பேர் மட்டும் உட்காரலாம். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். சென்னை, பெங்களூர், பாண்டிச்சேரியில் வசதியானவர்கள் சொல்லி வைத்து, காத்திருந்து வாங்குவார்கள். ஒரு நாள் எழிலன் தம்பி வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பெண் பார்க்க வந்தவர் மாதிரி பாயில் அடக்கமாக உட்கார்ந்து, “அண்ணே, உங்க காது எனக்கு வேணும்” என்றார்.

அன்றிலிருந்து இவருக்கு வேலை அதுதான். பட்டறையில் வண்டி முடிந்ததும் சிதம்பரம் வரைக்கும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பக்கத்து சீட்டில் ஆள் எடைக்கு ஒரு மணல் மூட்டை இருக்கும். சிதம்பரத்தில் தேரோடுகிற நாலு வீதியையும் சுற்றி, கோயிலுக்குள் போய் நடராஜரைப் பார்த்துவிட்டு, திருநீறு வாங்கி வந்து வண்டிக்குப் பூசுவார். அதற்கப்புறம்தான் வண்டி வாங்கியவர் கைக்குப் போகும். நல்ல ரோட்டில் அது பறக்கும். ஊருக்குள் வந்தால் வேகத்தடைதான் எமன், வண்டியின் வயிறு தட்டும். அதற்காகவே சீட்டுக்குப் பின்னால் ரெண்டு பலகை வைத்திருப்பார். தடை வந்தால் இறங்கி, பலகை போட்டு, ஏற்றி இறக்கி, பலகையை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்புவார். பழைய கூட்டாளி கண்டக்டர் ஒருவர் பஸ் படியில் தொங்கிக்கொண்டே கத்துவாராம்: “என்னா டிரைவரே, ரேஸ் வண்டிய கையப் புடிச்சிக் கூட்டினு போறீங்க?”

இந்தப் பிழைப்பில் குறை ஒன்றும் இல்லை. பட்டறையில் எஞ்சின் பூட்டுகிற ஷாகிர் பாய் இவருக்கு உயிர். ஒருத்தரை ஒருத்தர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பாய் பூட்டுவார், இவர் ஓட்டிவிட்டு வந்து, “மச்சான், மூணாவது கியர்ல தொண்டை கட்டுது” என்பார். பாய் திறந்து பார்த்துச் சரிசெய்வார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எழிலன் தம்பி எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, இனிமேல் பேட்டரி வண்டிதான் என்றார்.

“ஒலகம் பூரா பேட்டரிக்குப் போவுதுண்ணே. பெரிய கம்பெனிக்காரனே இனி எஞ்சின் போட மாட்டேன்ங்கறான். நாம மாறலன்னா நம்மள ஒருத்தனும் சீந்த மாட்டான்.”

சரி என்று முதல் பேட்டரி வண்டியை ஆரம்பித்தார்கள். அது பாதி முடிவதற்குள், அதே பெரிய கம்பெனிக்காரர்கள் எஞ்சின் வண்டியும் கொஞ்ச காலத்துக்கு இருக்கும் என்று சொல்லிவிட்டதாக எழிலன் தம்பியே போனைப் பார்த்துப் படித்தார். அடுத்த மாதம் வேறொரு கம்பெனி, முழுசாகப் பேட்டரி என்றது. ஷாகிர் பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“நம்மூரு புயல் சேதி மாதிரியே இருக்கு மச்சான். வருதுங்கறான், வெயில் மண்டையப் பொளக்குது. வராதுங்கறான், கூரை பறக்குது.”

வாங்குகிறவர்களும் அப்படித்தான். சொல்லி வைத்திருந்த சென்னைக்காரர் ஒருவர், சத்தமே போடாத வண்டிக்கு எதற்கு இவ்வளவு சிவப்பு பெயிண்ட் என்று கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேறு ரெண்டு பேர், முதல் வண்டியை வாங்குகிற டாக்டரம்மா என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அந்த டாக்டரம்மா பாண்டிச்சேரியில் கண் டாக்டர், அனுப்பிரியா என்று பெயர். அவர் மனசுக்குப் பிடித்து எடுத்துக்கொண்டால் பட்டறை பேட்டரி பக்கம் போகும். வேண்டாம் என்றால் பழையபடி எஞ்சின்தான். எழிலன் தம்பி இதை ஒளித்து வைக்கவில்லை. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பேட்டரி வண்டியில எது கோளாறுன்னு கம்ப்யூட்டரே சொல்லிடும். காதை வச்சிக் கேக்கறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல. ஒங்கள உட்டுட மாட்டேன். ஸ்டோர்ல வச்சிக்கிறேன்.”

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது இவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “ஸ்டோருன்னா நட்டு போல்ட்ட டப்பாவுல பிரிச்சி வைக்கணும் ராசம்மா. ஃபேன் காத்து உண்டு.” அன்றைக்கு ரசத்துக்கும் சரி, மோருக்கும் சரி, கால் அமுங்கவே இல்லை.

முதல் பேட்டரி வண்டி முடிந்தது. கடல் நீலம். வழக்கப்படி ஒரு தடவை சிதம்பரம் போய்வரச் சொன்னார் எழிலன் தம்பி. இவர் என்னிடம் வந்து, “மணல் மூட்டை பேசாது, இந்த வண்டியும் பேசாது. நீயாவது கூட வா” என்றார். இத்தனை வருஷத்தில் அந்த சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். எழிலன் தம்பியே கதவைத் திறந்து, “குனிஞ்சி உக்காருங்க அண்ணி” என்றார். உட்கார்ந்தால் எதிரே வருகிற பஸ்ஸின் டயர் என் கண்ணுக்கு நேராக வருகிறது.

கிளம்பியதே தெரியவில்லை. என் வளையல் சத்தம் எனக்குக் கேட்டது. டயர் ரோட்டில் தேய்கிற சத்தம் மழை பெய்கிற மாதிரி கேட்டது. நான் வாய்க்குள் சிவ சிவ என்று சொல்லிக்கொண்டே வந்தேன். “கொஞ்சம் சத்தமா சொல்லு, தொணையா இருக்கும்” என்றார். எஞ்சின் வண்டியில் ரெண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு மேடு இருக்கும், கியர் தடி அதன் மேல் நிற்கும் என்று சொல்லியிருக்கிறார். இதில் மேடும் இல்லை, தடியும் இல்லை. அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் தரை என் வீட்டுக் கூடம் மாதிரி வழவழவென்று இருந்தது. இவருடைய இடது கை மட்டும் அடிக்கடி நடுவில் எதையோ தேடியது. ஒரு தடவை அங்கே என் கை இருந்தது. பிடித்து முன்னால் ஒரு தள்ளு தள்ளினார்.

“என்னா மாமா, என் கை என்னா கியரா?”

“பழக்கம்டி.” சொன்னாரே தவிர, கையை விடவில்லை. புதுச்சத்திரம் தாண்டுகிற வரைக்கும் நான் நாலாவது கியராகத்தான் இருந்தேன்.

வெள்ளாற்றுப் பாலத்துக்கு முன்னால் ரோட்டில் ஒரு நாய் படுத்திருந்தது. வண்டி கிட்டே வந்து நின்ற பிறகும் காதைக்கூட ஆட்டவில்லை. ஹாரன் அடித்த பிறகுதான் எழுந்து, எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனது. “பாத்தியா, நாய்கூட இத வண்டின்னு ஒத்துக்கல” என்றார். அவருக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

கோயிலில் நடராஜர் முன்னால் கண்ணை மூடினவர் திறக்கவே இல்லை. நான் கும்பிட்டு, தீபாராதனை பார்த்து, திருநீறும் வாங்கிவிட்டேன். இன்னும் அப்படியே நிற்கிறார். வெளியே வந்ததும் கேட்டேன்.

“என்னா மாமா வேண்டிக்கிட்டீங்க?”

“எல்லாரும் நல்லா இருக்கணும்னுதான்.”

“எல்லாருக்கும் சேத்துன்னாலும் இவ்ளோ நேரமா?”

கோபுரத்துப் புறாக்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அவர் பொய் சொன்னால் மேலேதான் பார்ப்பார். நானும் விட்டுவிட்டேன். சாமியிடம் கேட்டதைக் குடைந்து கேட்கக் கூடாது.

வண்டி கொடுக்கிற நாள் வந்தது. பட்டறை வாசலில் ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது. சின்னையன் சாமிதான் பூசாரி. எந்த வண்டியானாலும் அங்கே படைத்துவிட்டுத்தான் வெளியே போகும். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, கடைசியில் பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். எல்லா இடத்திலும் உள்ளதுதான். இங்கே கூடுதலாக ரெண்டு வழக்கம் உண்டு. பழங்களைச் சின்னையன் சாமியே குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைப்பார். எஞ்சின் உறுமினால்தான் எழுந்து விலகுவார். இன்னொன்று இவருடைய பஸ் காலத்துப் பழக்கம். வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஓட விட்டுவிட்டு இறங்கி வந்து, முன் டயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு ஏறி உட்கார்ந்து பழத்தை நசுக்குவார்.

அன்றைக்கும் பூசணிக்காயை எப்போதும் போலப் பக்கத்து சீட்டின் காலடியில் வைத்திருந்தார். டாக்டரம்மா பட்டுப்புடவையில் வந்திருந்தார். எழிலன் தம்பி நெற்றியில் வியர்வையோடு நின்றார். ஷாகிர் பாய் கொஞ்சம் தள்ளி, கையில் ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு நின்றார். எஞ்சினில் தப்புப் பண்ணினால் கை சுடும், இதில் தப்புப் பண்ணினால் கரண்ட் அடித்து மௌத்துதான் என்று, வேலை இல்லாதபோதும் அந்த உறையைக் கழற்றுவதில்லை அவர்.

சின்னையன் சாமி முன் சக்கரத்துக்கு வந்து குந்தியபடியே, “ஸ்டார்ட் பண்ணுப்பா” என்றார்.

“பண்ணிட்டேன் சாமி” என்றார் இவர் சீட்டிலிருந்து.

“கேக்கலியே?”

“கேக்காது சாமி, இது அப்படித்தான்.” முன்னால் போவதற்கான குமிழைத் திருப்பி, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். எரிந்தது. திரும்பவும் பழையபடி திருப்பியிருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் பொத்தானையாவது அமுக்கியிருக்க வேண்டும். சத்தம் இல்லாத வண்டி நிற்கிற வண்டிதான் என்று மனசு நினைத்துக்கொண்டது. டயரைத் தொட்டுக் கும்பிட இறங்கி, கதவை டப்பென்று சாத்தினார்.

வாசலில் மழைத் தண்ணீர் ஓடுவதற்காகத் தரையை வலது பக்கம் சரிவாகப் போட்டிருப்பார்கள். கதவு சாத்திய அதிர்வில் பூசணிக்காய் உருண்டது. எஞ்சின் வண்டியாக இருந்தால் நடுமேட்டில் முட்டி நின்றிருக்கும். இதில் தடுக்க ஒன்றும் இல்லை. வழவழவென்ற தரையில் நேராக உருண்டுபோய் ஆக்சிலேட்டர் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

இவர் அப்போதுதான் டயர் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கைக்குக் கீழே டயர் அசைந்தது மட்டும் தெரிந்ததாம். என்ன ஏது என்று யோசிக்கவில்லை. பக்கத்தில் குந்தியிருந்த சின்னையன் சாமியை இடுப்போடு சேர்த்து அள்ளிக்கொண்டு ஓரமாக விழுந்தார். எலுமிச்சம்பழம் பொசுக்கென்று நசுங்கியது. நீல வண்டி எங்கள் எல்லோர் முன்னாலும், ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் பாய்ந்துபோய், மதில் ஓரம் கொட்டியிருந்த மணல் குவியலில் மூக்கைச் சொருகிக்கொண்டு நின்றது. சக்கரம் மட்டும் சுற்றிச் சுற்றி மணலை வாரி இறைத்தது. ஷாகிர் பாய் ஓடிப்போய் அணைத்தார்.

சின்னையன் சாமி முழங்கை சிராய்ப்போடு எழுந்து உட்கார்ந்தார். வண்டிக்குள்ளே எட்டிப் பார்த்த பாய், அடிபடாத பூசணிக்காயைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்ததும் அவருக்கு வந்ததே கோபம்.

“திருஷ்டிய ஒடைக்கக் கொண்டாந்த காயி என்னையே ஒடைக்கப் பாத்துச்சேடா!”

யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா முகம் வெளுத்துப்போய் நின்றார். “தானா ஓடுற வண்டியா இது? எனக்கு வேண்டாம் எழிலன். எஞ்சின் வண்டியே பண்ணிக் கொடுத்துடுங்க” என்றார்.

நான் இவரைப் பார்த்தேன். வேட்டியெல்லாம் மணல். ஷாகிர் பாயும் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலில் அவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொண்டு என்ன கேட்டார் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது. கேட்டது கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். நீல வண்டி போய்விடும், எஞ்சின் திரும்பி வரும், அவர் சீட்டு அவருக்கே. நாலு பேர் வண்டியைத்தான் குறை சொல்வார்கள். தெய்வமே, அந்த மனுஷனுக்கு நல்ல புத்தியைக் கொடு என்று நின்ற இடத்திலேயே கையைக் கூப்பினேன்.

அவர் நெற்றியில் ஒட்டிய மணலைத் துடைத்துக்கொண்டார்.

“டாக்டரம்மா, வண்டி தானா ஓடல. நான்தான் ஓட உட்டேன். குமிழ முன்னால திருப்பி வச்சிட்டு, பிரேக்கும் போடாம எறங்கிட்டேன். பூசணிக்காய வச்சதும் நான்தான். எஞ்சின் வண்டின்னு நெனப்புல வச்சிட்டேன். வண்டி மேல குத்தம் இல்லீங்க.”

டாக்டரம்மா இவர் பக்கம் திரும்பினார். “இவ்வளவு காலமா ஓட்டற நீங்களே மறந்துட்டீங்க. நான் மறக்க மாட்டேனா?”

“மறப்பீங்கம்மா. சத்தம் இல்லாததுல மறதி ஜாஸ்தியாதான் வருது. ஒரு தடவ என்னைப் பக்கத்துல வச்சி ஓட்டிப் பாருங்க. அப்பறமும் வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க.”

ஷாகிர் பாய் வண்டியை மணலிலிருந்து எடுத்து, அடியெல்லாம் தட்டித் துடைத்து, கம்ப்யூட்டரும் மாட்டிப் பார்த்தார். மூக்கில் ரெண்டு கீறல் தவிர ஒன்றும் இல்லை. டாக்டரம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தார். இவர் மணல் மூட்டை இடத்தில் உட்கார்ந்தார். சிதம்பரம் ரோட்டில் திரும்பிப் போய்விட்டார்கள்.

எழிலன் தம்பி வாசலுக்கும் பட்டறைக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஷாகிர் பாய் சாயங்கால அஸர் தொழுகையை முடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

“பாய், எதுக்கு துஆ கேட்டீங்க? எஞ்சினுக்கா, பேட்டரிக்கா?”

“அத அல்லாஹ் பாத்துக்குவான் தங்கச்சி. மச்சான் முழுசா திரும்பி வந்தா போதும்னு கேட்டேன். டாக்டரம்மா ஓட்டறாங்க இல்ல?”

வெயில் இறங்கின பிறகு வந்தார்கள். வண்டி வந்தது எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. மணிச் சத்தம்தான் கேட்டது. திரும்பிப் பார்த்தால், டாக்டரம்மா சிரிப்போடு ஓட்டிக்கொண்டு வருகிறார். இவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பூஜை மணி ஒன்றைக் கணகணவென்று ஆட்டிக்கொண்டு வருகிறார். சிதம்பரம் சன்னதித் தெருக் கடையில் டாக்டரம்மா விளையாட்டாக வாங்கிக் கொடுத்தாராம், இனிமேல் வண்டியைப் படைக்கிறபோது இதை அடிங்கள், பூசாரி உயிரோடு இருப்பார் என்று. இவருக்கு விளையாட்டெல்லாம் தெரியாது. வழி பூராவும் அடித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

“வண்டிய எடுத்துக்கறேன் எழிலன்” என்றார் டாக்டரம்மா. “ஆனா பூசணிக்காய் உருளாம ஏதாவது பண்ணிக் கொடுங்க.”

அப்படி வந்ததுதான் அந்த மேடு. இப்போது அங்கே செய்கிற பேட்டரி வண்டி ஒவ்வொன்றிலும் ரெண்டு காலடிக்கும் நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு மேடு வைக்கிறார்கள். பட்டறையில் எல்லோரும் அதைப் பூசணிக்காய் மேடு என்றுதான் சொல்கிறார்கள். காத்திருந்த ரெண்டு பேரில் ஒருவர் பேட்டரி கேட்டார். இன்னொருவர் இவ்வளவு யோசித்துவிட்டு எஞ்சின்தான் கேட்டார். அதனால் பட்டறையில் ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் இது. அடுத்த வருஷம் எது நிற்கும் என்று எழிலன் தம்பிக்கே தெரியாது.

ஸ்டோர் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. அடுத்த பேட்டரி வண்டி முடிந்த அன்று இவர் கேட்காமலேயே போய் நட்டு போல்ட்டுப் பக்கம் நின்றாராம். எழிலன் தம்பி சாவியைக் கொண்டுவந்து கையில் வைத்து, “கம்ப்யூட்டருக்குப் பூசணிக்காய் தெரியாதுண்ணே. நீங்க ஓட்டிட்டு வாங்க” என்றாராம்.

மணியை இவர் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். போன வாரம் எஞ்சின் வண்டி ஒன்றைப் படைத்தார்கள். உறுமுகிற சத்தத்தில் பிள்ளையாரே அதிர்ந்தார். அதற்கு நடுவிலும் இவர் மணியை எடுத்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

“மச்சான், இந்த வண்டிக்கு வாயி இருக்கு! மணிய உள்ள வை!” என்று ஷாகிர் பாய் கத்தினார்.

“இருக்கட்டும் மச்சான், ரெண்டுக்கும் ஒரே பூசாரிதான!”

வீட்டில் இப்போது எனக்கு எதையும் கேட்க வேண்டியதில்லை. சாப்பிடும்போது காலைப் பார்த்தால் போதும், அன்றைக்கு எந்த வண்டி ஓட்டினார் என்று தெரிந்துவிடும். நேற்று ரசத்துக்கு அமுங்கியது, மோருக்கு அமுங்கவில்லை.

“காலையில எஞ்சின், சாயங்காலம் பேட்டரியா மாமா?”

“ஆமா. மோர் போதும், ஊறுகா எங்க?” என்றார்.